ஹவுராக்கி வளைகுடாத் தீவுகளில் தன்னார்வ வேலை: மரம் நடுறது மட்டும்தானா?

#1 தாமிரபரணி_பிரபு

வணக்கம் மக்களே. ஆக்லாந்து வந்து ஒருவழியா செட்டில் ஆயாச்சு. வார இறுதி இப்பதான் கொஞ்சம் கையில நிக்குது. படகுத்துறைப் பக்கம் போறப்பல்லாம் ரங்கிடோட்டோ தீவு கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு. இந்த ஹவுராக்கி வளைகுடாவுல அம்பதுக்கு மேல தீவு இருக்காம், அதுல நிறைய தீவு காப்பகமாம், ஒவ்வொண்ணையும் ஒரு தன்னார்வக் குழு பார்த்துக்குதாம். ஆபீஸ்ல ஒருத்தர் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டேங்குறார்.

எனக்கும் போகணும்னு ஆசை. ஆனா என்ன வேலை தருவாங்க? மரம் நடுறது மட்டும்தானா? பையனுக்குப் பத்து வயசு, அவனைக் கூட்டிட்டுப் போகலாமா? பறவையில காக்கா, மைனா தாண்டி எனக்கு ஒண்ணும் தெரியாது. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 வடமராட்சி_அக்கா

பிரபு தம்பி, மைனா தெரியுமெண்டால் ஆக்லாந்துப் பறவையளில பாதி தெரிஞ்ச மாதிரித்தான். பயப்பிடாதேங்கோ.

நான் டிரிட்டிரி மட்டாங்கித் தீவுக்கு (சுருக்கமா டிரி) வழிகாட்டியாப் போறனான், அதைப் பற்றிச் சொல்லுறன். நகரத்தில இருந்து 30 கிலோமீட்டர் வடகிழக்கில இருக்கு, 220 ஹெக்டேர். 1970களின்ர தொடக்கம் வரைக்கும் செம்மறி மேஞ்ச பண்ணை அது. காடெண்டு மிஞ்சினது பள்ளங்களில ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சம் மட்டும். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்து ஜோன் கிரெய்க், நீல் மிட்செல் எண்ட ரெண்டு பேர்தான் அதைச் சனம் வந்து போகக்கூடிய காப்பகமா ஆக்குவம் எண்டு யோசிச்சவை. அந்தக் காலத்தில தீவுக் காப்பகம் எண்டால் விஞ்ஞானியளும் காவலரும் மட்டும் கால் வைக்கிற இடம். ஹவுட்டுரு (வரைபடத்தில லிட்டில் பாரியர் எண்டு இருக்கும்) 1895 இல இருந்து காப்பகம். இண்டைக்கும் அனுமதி இல்லாமல் அங்க இறங்க ஏலாது.

இஞ்ச நேரெதிர். 1984 இல இருந்து 1994 வரைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையள், ஓய்வுபெற்ற ஆக்கள், நடைக் கழகங்கள் எண்டு ஆரார் கை குடுக்க வந்தினமோ எல்லாரும் சேர்ந்து கிட்டத்தட்ட 2,80,000 கண்டு நட்டவை. கண்டுகளைத் தீவிலேயே நாற்றுமேடையில வளர்த்தது ரே வோல்ட்டர் எண்டவர். அந்தத் தீவின்ர கடைசி வெளிச்சவீட்டுக் காவலர். விளக்கு தானா எரியத் தொடங்கினாப் பிறகு அவர் ஊர் போகேல்லை, ரேஞ்சரா நிண்டு மரம் வளர்த்தவர். ஆதரவாளர் சங்கம் 1988 இல உண்டானது. நாங்கள் நடத்துற நடைக்கு வாற காசும், கடையில வாற லாபமும் தீவு வேலைக்கே போகுது.

முழுத்தீவையும் காடாக்கேல்லை, தெரியுமோ? ஏறக்குறைய நாப்பது வீதத்தைப் புல்லாவே விட்டவை. தகாஹேக்குப் புல்லுத்தான் சாப்பாடு. அழிஞ்சு போச்செண்டு எல்லாரும் கைவிட்டு, 1948 இல மர்ச்சிசன் மலையில திரும்பக் கண்டுபிடிச்ச பறவை அது. 1991 இல இஞ்ச கொண்டுவந்தவை. நீலமும் பச்சையுமா, கோழியை விடப் பெரிசா, உங்கட சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில வந்து நிண்டு முறைச்சுப் பாக்கும்.

வேலை எண்டு கேட்டால், மரம் நடுறது டிரியில எப்பவோ முடிஞ்சுது. இப்ப இருக்கிறது வேற வேலையள். மிச்சத்தைப் பேந்து எழுதுறன், பேரப்பிள்ளை கூப்பிடுறான்.

#3 பொறிக்காரன்

அக்கா கவுரவமா "வேற வேலையள்"னு முடிச்சிட்டாங்க. நான் உடைச்சுச் சொல்றேன் பிரபு. கிராமத்துல வரப்பு பார்க்கப் போற மாதிரி ஒரு வேலை. நடக்கணும், குனியணும், பார்க்கணும், ஒண்ணும் இல்லன்னு எழுதணும். அடுத்த இடம்.

நான் மோட்டுட்டாப்பு பக்கம் போறவன். அதுவும் ரங்கிடோட்டோவும் ஒரு தரைப்பாலத்தால ஒட்டின தீவுங்க, ரெண்டும் சேர்ந்து சுமார் 3,800 ஹெக்டேர். கப்பல் எலி, நார்வே எலி, சுண்டெலி, ஸ்டோட் (கீரி மாதிரி ஒல்லியான கொலைகாரன்), பூனை, முள்ளெலி, முயல்னு ஏழு இனத்தை 2009ல ஆரம்பிச்சு ஒழிச்சாங்க. 2011ல தீவு சுத்தம்னு அறிவிச்சதும் தகாஹே, டீயெக்கே பறவையெல்லாம் கொண்டுவந்து விட்டாங்க. பேப்பர்ல படம் வந்தது அந்த நாளுக்குத்தான். அதுக்கப்புறம் நடக்கிற வேலைக்குப் படமே கிடையாது.

டிராக்கிங் டன்னல்னு ஒண்ணு வைப்போம். நீளக் கூடு, உள்ள மை தடவின அட்டை, நடுவுல வேர்க்கடலை வெண்ணெய். எலி வந்தா கால்தடம் விழும். நான் அட்டையை எடுத்துப் பார்த்தா பூச்சித் தடம், பல்லித் தடம். அதான் நல்ல சேதி. இதை வருஷக்கணக்கா பண்ணணும். "எலி போயிடுச்சே, இன்னும் ஏன் பார்க்குறீங்க?"னு கேக்கறவங்களுக்கு ராஸாவோட கதையைச் சொல்லுவேன்.

#4 தாமிரபரணி_பிரபு

ராஸாவா? யாருண்ணே அது?

#5 பொறிக்காரன்

எலி! 2004 நவம்பர்ல ஆக்லாந்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு ஆண் நார்வே எலிக்கு ரேடியோ பட்டி கட்டி, எலியே இல்லாத மோட்டுஹோரோபாப்பா தீவுல வேணும்னே விட்டாங்க. தீவு பத்து ஹெக்டேர்கூட கிடையாது. ஒத்தை எலி வந்தா பிடிக்க எவ்வளவு நாள் ஆகும்னு பார்க்கத்தான். பொறி வச்சாங்க, விஷம் வச்சாங்க, மோப்ப நாயைக் கூட்டிட்டு வந்தாங்க. எதுக்கும் சிக்கல. பத்து வாரத்துல சிக்னலும் போச்சு. ஆசாமி 400 மீட்டர் திறந்த கடலை நீந்திப் பக்கத்துத் தீவான ஓட்டாட்டாவுக்குப் போயிருக்கார். விட்டு பதினெட்டு வாரம் கழிச்சு, பெங்குவின் இறைச்சி வச்ச பொறியில மாட்டினார். 2005ல நேச்சர் இதழ்லயே கட்டுரையா வந்தது.

எங்க இருக்குன்னு தெரிஞ்ச, பட்டி கட்டின ஒரு எலிக்கே இவ்வளவு பாடு. உங்க கயாக்குக்குள்ள, கூடாரப் பைக்குள்ள யாருக்கும் தெரியாம வந்து இறங்குற சினை எலியை நினைச்சுப் பாருங்க.

#6 வெஜ்_வேலு

எல்லாரும் ரசிச்சு எழுதுறீங்க, சரி. ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துது. ஹெலிகாப்டர்ல விஷம் தூவி, ஒரு தீவு முழுக்க இருக்குற எலியைக் கொன்னுட்டு அதுக்கு "இயற்கைப் பாதுகாப்பு"ன்னு பேர். அந்த எலி தானா வரல, மனுஷன்தான் கொண்டுவந்தான். பறவை மட்டும் உயிர், எலி உயிர் இல்லையா? அழகா இருக்கறதுக்கு ஒரு நியாயம், அசிங்கமா இருக்கறதுக்கு ஒரு நியாயமா?

#7 பொறிக்காரன்

வேலு, நியாயமான கேள்விதான், கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல. இந்த நாட்டுல கடல்ல இல்லாம நிலத்துல வாழற பூர்விகப் பாலூட்டின்னா வவ்வால் மட்டும்தான். லட்சக்கணக்கான வருஷம் எலியையே பார்க்காம வளர்ந்த உயிருங்க இதெல்லாம். தரையில முட்டையிடும், ஆபத்து வந்தா ஓடாம உறைஞ்சு நிக்கும். வாசனையால தேடற விலங்குக்கு அது தட்டுல வச்ச சோறு.

தெற்கே பிக் சவுத் கேப் தீவுன்னு ஒண்ணு. 1960கள்ல கப்பல் எலி ஏறிடுச்சு. எலியால பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு அன்னைக்குப் படிச்சவங்களே வாதாடினாங்க. புதர் ரென், தென்தீவு ஸ்னைப்ங்கற ரெண்டு பறவை, பெரிய குட்டைவால் வவ்வால், இந்த மூணும் உலகத்துலயே இல்லாம போச்சு. தென்தீவு சாடில்பேக்ங்கற பறவை மட்டும் தப்பிச்சது, 1964ல 36 பறவையைப் பிடிச்சு வேற தீவுக்கு மாத்தினதால. ஒண்ணும் செய்யாம விடறதும் ஒரு கொலைதான் வேலு, கை மட்டும்தான் வேற.

#8 வெஜ்_வேலு

கடைசி வரி சினிமா டயலாக். 🙂 அதுக்கு முன்னாடி சொன்னதை ஒத்துக்கறேன். ஆனா அந்த விஷத்தை எலி மட்டும்தான் தின்னுச்சா?

#9 வடமராட்சி_அக்கா

இல்லைத் தம்பி. டிரியில 1993 இல கியோரே எலிக்கு ப்ரோடிஃபாக்கம் எண்ட எலி மருந்து போட்டவை. புக்கேக்கோ எண்ட பறவையும் அதைத் திண்டு கனக்கச் செத்தது. மறைக்கிறதுக்கு ஒண்டுமில்லை, எழுதி வைச்சிருக்கினம். புக்கேக்கோ பிறகு பெருகிட்டுது.

உங்கட கேள்வி உங்கட மட்டும் இல்லை. கியோரே எலி, இந்த நாட்டின்ர பூர்வீகச் சனமான மாவோரியளின்ர மூதாதையர் வள்ளத்தில கூட்டிக்கொண்டு வந்தது. ஹவுட்டுருவில அதை அழிக்கேக்க ங்காட்டிவாய் எண்ட மாவோரிக் குலத்து மக்கள் எதிர்த்தவை. அது தங்கட முன்னோரோட வந்த உயிர் எண்டு. வெளியில இருந்து வந்த எங்களுக்கு அதைச் சுலபமாத் தட்டிவிடுற உரிமை இல்லை எண்டது என்ர எண்ணம்.

ஆனால் அந்த ஹவுட்டுருவிலேயே ஒரு பாடம் இருக்கு. முதல்ல பூனையை மட்டும் பிடிச்சவை. 1980 இல கடைசிப் பூனை போச்சு. குக்ஸ் பெட்ரல் எண்ட கடற்பறவை இனிப் பெருகும் எண்டு பாத்தால், குஞ்சு தப்புறது இன்னும் குறைஞ்சுது! பூனை இல்லையெண்டதும் எலி பெருகி முட்டையையும் குஞ்சையும் திண்டுட்டுது. 2004 இல எலியையும் எடுத்தாப் பிறகுதான் பல மடங்கு கூடிச்சுது. பாதி வேலை செய்யிறது சில நேரம் செய்யாமல் விடுறதை விட மோசம்.

இந்த எலி ஒழிப்பைத் தொடங்கினதும் எங்களை மாதிரி ஆக்கள்தான். ராஸா நீந்தின அதே நொய்சஸ் தீவுக் கூட்டத்தில மரியா தீவெண்டு சின்னது ஒண்டு. 1959 இல எலி ஏறி, ஸ்டோர்ம் பெட்ரல் எண்ட கடற்பறவையளைக் கொன்று குவிச்சிருந்தது. அடுத்த வருசம் ஃபாரஸ்ட் அண்ட் பேர்ட் எண்ட இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்து ஆக்கள் சாதாரண எலி மருந்தைக் கையால வைச்சுக்கொண்டு திரிஞ்சவை. பேந்து போய்ப் பாத்தால் ஒரு எலியும் இல்லை. நியூசிலாந்தில எலி ஒழிஞ்ச முதல் தீவு அதுதான் எண்டு சொல்லுவினம். ஹெலிகாப்டர் எல்லாம் அதுக்குப் பிறகு.

#10 கணக்குப்பிள்ளை

எனக்கு எலி பிரச்சினை இல்லை. கணக்குதான் பிரச்சினை. இந்தத் தீவுகள் பெரும்பாலும் அரசு நிலம், இயற்கைப் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு. வரி கட்டுகிறோம். அப்புறம் சனிக்கிழமையும் போய் இலவசமாகக் களை பிடுங்கணுமா? இந்த மாதிரி ஆட்கள் இருப்பதால்தான் அரசாங்கம் சம்பளத்துக்கு ஆள் வைப்பதில்லை. மூவாயிரத்துச் சொச்சம் ஹெக்டேரை வார இறுதிக்காரர்களை நம்பி விடுவது எப்படி சரி?

#11 வடமராட்சி_அக்கா

உதில உண்மை இருக்கு. ரேஞ்சர்மார் இருக்கினம், ஆனால் ஆக்கள் காணாது. அதுக்காக நாங்கள் நிண்டால் அரசாங்கம் ஆள் போடும் எண்டு நம்புறியளோ? நான் நம்பேல்லை.

இன்னொரு விசயம். டிரியின்ர காடு இளங்காடு, மரத்தில பொந்து விழுற வயசில்லை. ஹிஹி எண்ட பறவைக்குப் பொந்து வேணும். 1995 இல கொண்டுவந்த நாளில இருந்து பெட்டி அடிச்சுக் குடுக்கிறம், சீனித்தண்ணி வைக்கிறம். அந்தப் போத்தலுகளை ஒழுங்காக் கழுவாட்டில் பூஞ்சணம் பிடிச்சுப் பறவைக்கு வருத்தம் வரும். ஊழியரும் நாங்களும் மாறி மாறிச் செய்யிறம். டுவீ எண்ட பறவை பெரிசு, உள்ள புகாமல் இருக்கக் கம்பிக்கூடு. அதுக்குள்ளால கோரிமாக்கோ எண்ட சின்னப் பறவை வந்து குடிச்சிட்டுப் போகும், அதைத் தடுக்க ஏலாது. இதெல்லாம் ஒப்பந்தக்காரரிட்டக் குடுத்தால் செய்வினம், இல்லையெண்டேல்லை. ஆனால் ஒரு குஞ்சின்ர கால் வளையத்தைப் பாத்து "இது போன வருசம் ஏழாம் பெட்டியில பொரிச்சது" எண்டு சொல்லுற ஆக்கள் ஒப்பந்தம் முடிஞ்சாப் போயிடுவினம்.

#12 கணக்குப்பிள்ளை

அக்கா, அந்த "சொல்லுற ஆக்கள்" வயது என்ன? எல்லாருக்கும் அறுபதுக்கு மேல். இன்னும் பதினைந்து வருடத்தில் யார் கழுவுவது? அதைத்தான் கேட்கிறேன்.

#13 மண்டபம்_ராஜா

குறுக்க பேசுறதுக்கு மன்னிக்கணும், நான் நியூசிலாந்துல இல்ல. மன்னார் வளைகுடா ஓரத்துல இருந்து எழுதுறேன். எங்க பக்கம் ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, 1986ல தேசியப் பூங்கா ஆச்சு. ரெண்டு தீவு கடலுக்குள்ள போயிருச்சு. நீங்க எலிக்கு பயப்படுறீங்க, எங்களுக்கு கப்பாபைகஸ் பாசி. வளர்க்கக் கொண்டுவந்த பாசி தப்பிச்சு குருசடைத் தீவுப் பக்கம் பவளத்து மேல போர்வை மாதிரி மூடுது. அதைக் கையாலதான் பிச்சு எடுக்கணும், திரும்ப முளைக்கும், திரும்ப பிச்சு எடுக்கணும்.

ஆனா இங்க கரைக்காரன் தன் இஷ்டத்துக்குத் தீவுல இறங்க முடியாது, வழக்குத்தான். தன்னார்வலர்னு ஒரு வழியே எங்களுக்குத் தெரிஞ்சதில்ல. பாசி எடுக்குற பொம்பளைங்க தலைமுறையா போன இடம் அது. அவங்களே கூடிப்பேசி, மாசத்துல இத்தனை நாள்தான் எடுக்குறது, வேரோட பிடுங்குறதில்லன்னு கட்டுப்பாடு வச்சுக்கிட்டாங்க. அதுக்காகச் சின்னப்பாலம் லட்சுமியம்மாவுக்கு 2015ல தீவுப் பாதுகாப்புக்குக் கொடுக்குற சீகாலஜி விருது கிடைச்சது. அதையும் தீவைப் பார்த்துக்கிற வேலைன்னு சொல்லலாமா? உங்க ஊர்ல மாவோரி ஆளுகளுக்கு அந்தத் தீவுல என்ன இடம்?

#14 பொறிக்காரன்

ராஜா, சொல்லலாமாவா, அதுதான் முதல்ல. காசு வாங்காம வார இறுதில போற நாங்க ஒரு ரகம், அந்தக் கடலை நம்பியே பொழைக்கிறவங்க தங்களுக்குத் தாங்களே வரம்பு போட்டுக்கறது அதை விடக் கஷ்டம்.

மாவோரி விஷயத்துல, இப்ப பறவையை ஒரு தீவுல இருந்து இன்னொரு தீவுக்கு மாத்தணும்னா ரெண்டு பக்கத்து இவி (மாவோரிக் குலம்) மக்களும் சம்மதிக்கணும். அனுப்புறவங்க கூட வந்து ஒப்படைப்பாங்க, வாங்கறவங்க வரவேற்பாங்க, கிட்டத்தட்ட பொண்ணு அனுப்புற சடங்கு. ஹவுட்டுருவை 2011ல அரசு ங்காட்டி மானுஹிரிங்கற இவிக்குத் திருப்பிக் கொடுத்தது. அவங்க ஒரு பகுதியைத் தங்ககிட்ட வச்சுக்கிட்டு மிச்சத்தை நாட்டுக்கே காப்பகமா கொடுத்துட்டாங்க. எல்லாம் சுமுகம்னு சொல்ல மாட்டேன். பழைய நில வழக்குங்க நிறைய.

#15 தாமிரபரணி_பிரபு

இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல. அக்கா, 2,80,000 மரம்னு சொன்னீங்களே, அது நல்லபடியா வந்துதா? ஊர்ல நட்டுட்டுப் போற மரம் எல்லாம் மறுவருஷம் குச்சியாத்தான் நிக்கும்.

#16 வடமராட்சி_அக்கா

வந்தது. சிலது தேவைக்கு மேலயே வந்தது. தொடக்கத்தில போஹுட்டுகாவாவைக் கனக்க நட்டவை, மார்கழியில சிவப்பாப் பூக்குமே, அது. உப்புக்காத்துக்கும் வெயிலுக்கும் தாங்கும், அதின்ர நிழலில மற்ற மரம் வரட்டும் எண்டு. ஆனால் நெருக்கமா நட்டதால கூரை மாதிரி மூடி, கீழ ஒண்டும் முளைக்கேல்லை. பிறகு சில இடங்களில வெட்டித்தான் வெளிச்சம் விட்டவை. தாங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளா இருக்கேக்க நட்ட மரத்தை வெட்டுறதோ எண்டு சில பேருக்கு மனம் நொந்தது. ஆனால் நான் வெட்டினதைச் சரியெண்டுதான் சொல்லுவன். இப்ப மற்ற தீவுகளில கண்டுகளைக் கலந்து நடுறதுக்கு இதுவும் ஒரு காரணம். விதையும் கண்ட இடத்தில எடுக்கிறேல்லை. அந்தத் தீவில, இல்லாட்டில் அதுக்குக் கிட்டின இடத்தில எடுத்த விதைதான்.

நடுற ஆசையெண்டால் மோட்டுட்டாப்புக்குப் போங்கோ, அங்க தீவு மீளமைப்பு அறக்கட்டளை 1994 இல இருந்து நடுது. மழைக்காலம்தான் நடுகை: வைகாசி, ஆனி, ஆடி. கோடையில களையெடுப்பும் நாற்றுமேடை வேலையும். மோத் பிளாண்ட் எண்டு ஒரு கொடி, காய் வெடிச்சால் விதை பஞ்சோட காத்தில பறக்கும். ஆக்லாந்து வீட்டு வேலியளில இருந்துதான் தீவுக்குப் பறக்குது. உங்கட வேலியில நிண்டால் முதல்ல அதைப் பிடுங்குங்கோ, அதுக்குப் படகுச் சீட்டும் தேவையில்லை.

மோட்டுவோராத் தீவையும் மறக்காதேங்கோ, 80 ஹெக்டேர். கிவிக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டு வளர்க்கினம். காவல் இல்லாத காட்டில நூறு குஞ்சில அஞ்சுதான் தப்பும். ஸ்டோட்டை எதிர்த்து நிக்கிற நிறை, ஏறக்குறைய 1,200 கிராம், வந்தாப் பிறகு பெருநிலத்துக்குத் திருப்பி விடுவினம்.

#17 பொறிக்காரன்

பையனைப் பத்திக் கேட்டிருந்தீங்க. படகு ஆட்டத்துல வாந்தி எடுப்பான்னா முதல்ல ஷேக்ஸ்பியர் பூங்காவுக்குக் கார்லயே போங்க. வங்காபராவோவா முனையில 2011ல 1.7 கிலோமீட்டர் வேலி போட்டு, 500 ஹெக்டேரைத் தீவு மாதிரியே ஆக்கிட்டாங்க. அங்கயும் தன்னார்வக் குழு இருக்கு. டிரிக்குப் பறந்து போய் வர்ற பறவைங்க அங்கயும் தென்படும். டிராக்கிங் அட்டையில இருக்கறது யார் காலடின்னு கண்டுபிடிக்கறது பத்து வயசுப் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும், என்னை விட நல்லாப் பார்ப்பாங்க.

கணக்குப்பிள்ளை கேட்டதுக்கு என்கிட்ட நேர்ப் பதில் இல்ல. பிரபு பையன் பதினைந்து வருஷத்துல எங்க இருப்பான்னு யாருக்குத் தெரியும்.

#18 தாமிரபரணி_பிரபு

சரி, முடிவு பண்ணிட்டேன். முதல்ல ஷேக்ஸ்பியர், அப்புறம் நடுகை நேரத்துல மோட்டுட்டாப்பு. கூட என்ன கொண்டு போகணும்? சாப்பாடு?

#19 வடமராட்சி_அக்கா

கட்டுச்சோறு கட்டாயம். கடையெண்டு நம்பிப் போகாதேங்கோ. டிரியிலயும் தேத்தண்ணி, கோப்பி தவிர வாங்கித் தின்ன ஒண்டும் இல்லை. குப்பைத்தொட்டியும் இல்லை, கொண்டுபோறதைத் திருப்பிக் கொண்டு வரோணும். பழக்கொட்டையை எறியக் கூடாது. பையெல்லாம் சிப் பூட்டினதா இருக்கோணும், கடைப்பையில சாமான் கட்டிக்கொண்டு போனால் ஏத்த மாட்டினம். முதல் நாள் ராத்திரி பையைக் குலைச்சுக் கொட்டிப் பாருங்கோ, எறும்பு, பல்லி, விதை ஒண்டும் இருக்கக் கூடாது. 2000 ஆம் ஆண்டு டிரியில ஆர்ஜென்டீன எறும்பைக் கண்டுபிடிச்சு, அதை ஒழிக்க வருசக்கணக்காப் பாடுபட்டவை. சப்பாத்தின்ர அடியில ஒரு துளி மண் இருந்தாலும் துறையில நிண்டு தேய்ச்சுக் கழுவ வேணும்.

#20 வெஜ்_வேலு

பிரபு, நானும் வர்றேன். பொறிப் பக்கமும் விஷப் பக்கமும் வர மாட்டேன், அதை முன்னாடியே சொல்லிடறேன். களை பிடுங்க, பாட்டில் கழுவ, நாற்றுமேடையில வேலை செய்ய ஆள் வேணும்னா நான் ரெடி. கார்ல இடம் இருக்கா?

#21 தாமிரபரணி_பிரபு

இருக்கு. பின் சீட்ல பையன் பக்கத்துல. புளியோதரை நான் கட்டிட்டு வர்றேன், நீங்க சாக்ஸ்ல புல் விதை இல்லாம வாங்க.